வாசகர் கேள்வி: பழைய ஹைலாண்டர் ஹைபிரிட்டில் சிவப்பு முக்கோணம்

இம்முறை 2006 முதல் 2010 வரையான ரொயோட்டா ஹைலாண்டர் ஹைபிரிட், அதன் உடன்பிறப்பான லெக்சஸ் ஆர்எக்ஸ்400எச் ஆகியவை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். இரண்டிலும் ஒரே 3.3 லீட்டர் வி6 இயந்திரம், ஏறக்குறைய ஒரே கோளாறுகள்.

கேள்வி: என்னுடையது 2006 ஹைலாண்டர் ஹைபிரிட். 401 நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுக்கும்போது சிவப்பு முக்கோணம் எரிந்து இழுவை குறைந்துவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் ஓடுகிறது. கராஜில் பெரிய பற்றறியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (ஸ்காபரோ)

பதில்: இப்போதைக்குக் காசைக் கையில் வைத்திருங்கள். சிவப்பு முக்கோணம் என்பது ‘ஏதோ ஒன்று சரியில்லை’ என்ற பொது அறிவிப்பு மட்டுமே. வண்டியின் கணினியில் பதிவான கோளாறு இலக்கத்தைக் கேளுங்கள். பெரிய பற்றறியின் பழுதைக் குறிக்கும் பி0ஏ80 என்றால்தான் பற்றறியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறி இன்வேர்ட்டரை நோக்கியே விரல் நீட்டுகிறது. பற்றறியின் 288 வோல்ட்டை 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டார்களுக்கு அனுப்புவது அதன் வேலை. வேகமெடுக்கும்போது மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். 2006, 2007 வண்டிகள் சிலவற்றில் அந்த டிரான்சிஸ்டர்களின் ஈயப்பற்று போதிய அளவு பிடிக்கவில்லை. அதனால் 2011இல் அமெரிக்காவில் மட்டும் 82,000 வண்டிகளை ரொயோட்டா திரும்ப அழைத்தது. 2013இல் இன்வேர்ட்டருக்காகவே இன்னொரு அழைப்பும் வந்தது. இந்தப் பழுதில் பெரும்பாலும் விளக்குகள் எரிந்து வண்டி தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். சில வண்டிகளில் பியூஸ் போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். நெடுஞ்சாலையின் நடுத்தடத்தில் அது நடந்தால் என்னாகும் என்று யோசியுங்கள்; காரணம் தெரியும்வரை நகருக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

முதலில் 17 இலக்க வாகன அடையாள எண்ணை டீலரிடம் கொடுத்து, இந்த இரண்டு அழைப்புகளுக்கான திருத்தங்களும் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். கைமாறிய பழைய வண்டிகளில் முந்திய சொந்தக்காரர் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பது சாதாரணம்.

அடுத்து இன்வேர்ட்டரின் குளிர்விப்பு. இயந்திரத்துக்கு ஒன்று, இன்வேர்ட்டருக்கு ஒன்று என இரண்டு கூலன்ற் தொட்டிகள் இருக்கின்றன. வண்டியை ‘ரெடி’ நிலையில் வைத்து, இன்வேர்ட்டர் தொட்டியில் திரவம் அசைகிறதா என்று பாருங்கள். அசைவே இல்லையென்றால் மின்பம்ப் இறந்திருக்கலாம், அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். இளஞ்சிவப்பு நிற ரொயோட்டா கூலன்றைத் தவிர வேறெதையும் கலக்காதீர்கள்.

மூன்றாவது, 12 வோல்ட் சின்னப் பற்றறி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே போனால் எல்லாக் கணினிகளும் ஆளுக்கொரு பொய் சொல்லத் தொடங்கும். பின்னிருக்கையின் அடியில் இருக்கும் காற்றுத் துவாரங்களையும் பாருங்கள். நாய்முடியும் தூசியும் அடைத்தால் பெரிய பற்றறி சூடாகிச் சாகும்.

பி0ஏ80 உண்மையாகவே வந்தால், சுமை ஏறும் நேரத்தில் ஒரு தொகுதியின் வோல்ட் மட்டும் மற்றவற்றை விட்டு விழுகிறதா என்று கருவியில் காட்டச் சொல்லுங்கள். பற்றறிக்குள் மொடியூல் எனும் சிறு பற்றறிகள் மொத்தம் 30. கெட்ட ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவரிடம் போகாதீர்கள். அதே வயதுள்ள அடுத்தது சில மாதங்களில் விழும். கூலியை மறுபடி நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

கேள்வி: எனக்கு பி0ஏஏ6 என்று வருகிறது. அழித்தால் போய், மழை நாளில் திரும்ப வருகிறது. (பிரம்டன்)

பதில்: உயர் மின்னழுத்தம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது என்று பொருள். அழித்து அழித்து ஓட்டுகிற இலக்கம் அல்ல இது. மலிவான ஸ்கானர் இதோடு நிறுத்திவிடும். ரொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் போன்ற கருவிதான் உள் இலக்கத்தைக் காட்டும். 611 என்றால் ஏசி கொம்பிரசர் பக்கம். 612 பற்றறிப் பெட்டி. 613 டிரான்சாக்சில், அதாவது மோட்டார்கள். 614 இடையிலுள்ள உயர்மின் இணைப்புகள்.

இந்த வண்டிகளில் 613 பேர்பெற்றது: சக்கரங்களை ஓட்டும் எம்ஜி2 மோட்டாரின் சுருள் காப்பு தளர்ந்து, ஒயில் வழியே கசிகிறது. கேபிள்களைக் கழற்றி ஒவ்வொரு மோட்டாரையும் மின்காப்பை அளக்கும் மெகர் கருவியால் தனித்தனியே அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஒயிலை மாற்றினால் சிலவேளை கொஞ்ச நாள் அடங்கும், ஆனால் சுருள் குணமாகாது. உடைத்து விற்கும் இடத்தில் பழைய டிரான்சாக்சில் வாங்குவதுதான் பலருக்குக் கட்டுபடியாகும் வழி. பூட்டுவதற்கு முன் அதையும் மெகரில் அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே நோயைக் கூலி கொடுத்து வாங்கி வருவீர்கள். அதற்கு ஊற்ற வேண்டிய ஒயில் ரொயோட்டாவின் ஏடிஎஃப் டபிள்யூஎஸ். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை.

உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை வீட்டு முற்றத்தில் தொட வேண்டாம். பெரிய பற்றறியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு வேலை செய்பவரிடமே கொடுங்கள்.

கேள்வி: கதவைத் திறந்தால் முன்பக்கம் ‘ங்ர்ர்’ என்று ஒரு பம்ப் ஓடும். இப்போது சும்மா நிற்கும்போதும் ஓடி ஓடி நிற்கிறது. பிரேக் விளக்கும் வந்து போகிறது. (மார்க்கம்)

பதில்: கதவு திறக்கும்போது ஓடுவது இயல்பு. சும்மா ஓடுவது இயல்பல்ல. வழக்கமான வக்யூம் பூஸ்டர் இந்த வண்டியில் இல்லை. பம்ப் ஒன்று பிரேக் ஒயிலை அழுத்தி அக்யூமுலேட்டரில் சேமித்து வைக்கிறது, உங்கள் கால் அதைத்தான் திறந்துவிடுகிறது. ‘ரெடி’யில் வைத்து, பெடலைத் தொடாமல் கேளுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் அழுத்தம் உள்ளுக்குள் கசிகிறது. சி1391 வந்தால் அதுவே உறுதி. சி1252 என்றால் பம்ப் அளவுக்கு மீறி நேரமெடுக்கிறது, சி1253 அதன் ரிலே, சி1256 அழுத்தக் குறைவு.

ரிலே மலிவு; அதை முதலில் பார்க்கலாம். கசிவு என்றால் அக்சுவேட்டர் எனப்படும் பிரேக் அழுத்தத் தொகுதி முழுவதும் மாற வேண்டும், பழையது வாங்கினாலும் வால்வு அளவீட்டைக் கருவியால் கற்பிக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். சேமித்த அழுத்தம் போன அன்று கால் பலம் மட்டுமே மிஞ்சும், நிற்கும் தூரம் நீண்டுவிடும்.

பிரேக் ஒயில் தொட்டியைப் பார்த்து அவசரமாக நிரப்பவும் வேண்டாம். அக்யூமுலேட்டர் நிரம்பியிருக்கும்போது மட்டம் இறங்கித்தான் தெரியும். அப்போது நிரப்பினால் அழுத்தம் விடுபடும்போது வழியும். நிரப்பவேண்டி வந்தால் டொட் 3 வகை பிரேக் ஒயில் போதும்.

கேள்வி: பிரேக் பாட் நானே மாற்றலாமா? (அஜாக்ஸ்)

பதில்: மாற்றலாம். ஆனால் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் பம்ப் ஓடி விரலை நசுக்கும். வண்டியை அணைத்து, 12 வோல்ட் பற்றறியின் மைனஸ் முனையைக் கழற்றி, 2 நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள். ஒயில் குழாயைத் திறக்கவேண்டிய வேலை வந்தால் நிறுத்திவிடுங்கள். காற்று எடுக்க ஸ்கான் கருவி தேவை.

ஒன்ராறியோவில் பாட் தேய்வதற்கு முன்பே பாட்டை அழுத்தும் கலிப்பரின் ஊசிகள் குளிர்கால வீதி உப்பில் இறுகிப்போகும். பெரும்பாலான வேகக் குறைப்பை மோட்டாரே செய்வதால் டிஸ்க்குகள் சும்மா துருவேறுகின்றன. வருடம் ஒருமுறை ஊசிகளைக் கழற்றி சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கள். இடையிடையே வெறுமையான வீதியில் கியரை ‘என்’னில் (நியூட்ரலில்) போட்டு நாலைந்து முறை பிரேக் பிடியுங்கள். ‘என்’னில் மோட்டார் பிரேக் வேலை செய்யாது, பாட்தான் முழுச் சுமையையும் எடுத்துத் துருவைச் சுரண்டும்.

கேள்வி: பழுதானால் முன்சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போகலாமா? (மிசிசாகா)

பதில்: நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் கூடாது. பின்னாலும் மோட்டார் இருக்கிறது. சக்கரம் உருண்டால் அது மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டைப் படுக்கை வண்டிதான் வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.