டெல்லி குளிர்ல மொட்டையான கறிவேப்பிலை – பிடுங்கிடலாமான்னு கேட்டதுக்கு

பிடுங்காதீங்க, இலை எல்லாம் கொட்டி குச்சியா நிக்குதுன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, அனேகமா தூங்குது. ஜனவரில ராத்திரி 5 டிகிரிக்கு இறங்கினா அதுக்கு வளர்ச்சியே நின்னுடும், அப்ப போய் நீங்க சொன்ன மாதிரி தினம் ஒரு மக் தண்ணி ஊத்தினா வேர் அழுக ஆரம்பிக்கும், என் சந்தேகம் அதுதான்.

நகத்தால தண்டை லேசா சுரண்டிப் பாருங்க. உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு. பிப்ரவரி பாதில குளிர் விட்டதும் பச்சைக்கு மேல இருக்கற காஞ்ச குச்சிய வெட்டிடுங்க. மேல்மண்ணு ரெண்டு இன்ச் காஞ்சப்புறம் தண்ணி விட்டா போதும்.

தளிர் வர்ற வரைக்கும் உரம், புளிச்ச மோர் எதுவும் வேணாம் (அவசரப்பட்டு மோர் ஊத்தி எங்க பால்கனில கொசுதான் வந்துச்சு).

அடித்தண்டு வரைக்கும் பழுப்பா இருந்தாதான் கஷ்டம். அப்பவும் மார்ச் கடைசி வரை விட்டுப் பாருங்க, சிலசமயம் வேர்லேர்ந்து பக்கக்கன்னு வரும்.