வீட்டில் எடுக்கும் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். நெடுநாள் ஆசையால், பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை அதனுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸோடு நண்பரிடமிருந்து வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவர்கள் ஹம்பிக்கும் காசிக்கும் போய் எடுத்த படங்களைக் காட்டுகிறார்கள். எனக்கு அதற்கு விடுப்பும் இல்லை, பணமும் இல்லை. என் கேமராவுக்கு முன்னால் இருப்பவர்கள் அம்மா, மனைவி, ஆறு வயது மகள் ஆகிய மூவர்தான். அம்மா கேமராவைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். மகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, படமெல்லாம் கலங்கிவிடுகிறது. இரவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்தால் படத்தின் ஒரு பாதி மங்கலாகவும் மஞ்சளாகவும் விழுகிறது. வீட்டையே எடுத்துக்கொண்டிருந்து உண்மையில் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? பயிற்சி வகுப்பில் சேரப் பணம் சேரும்வரை பொறுத்திருப்பது நல்லதா?

ஆர்.எம்., குளித்தலை

அன்புள்ள ஆர்.எம்.,

பொறுத்திருக்க வேண்டாம். கற்றுக்கொள்கிறவருக்கு வீட்டைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது என்பதே என் உறுதியான எண்ணம். ஹம்பியின் கல்தேரை முதன்முதலாகப் படமெடுக்கிறவருக்கு, அந்தப் படம் நன்றாக வந்தால் அது தன்னால் வந்ததா, அந்தக் கல்லைச் செதுக்கியவரால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. நன்றாக வராவிட்டால் மறுநாள் காலை அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று, ஒன்றை மட்டும் மாற்றி எடுத்துப்பார்க்கவும் முடியாது. அதற்குள் அவர் ரயில் ஏறியிருப்பார். உங்கள் வீட்டு வாசலில் நாளைக்கும் ஏழு மணிக்கு வெயில் விழும், நாளைக்கும் உங்கள் அம்மா அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வார். இன்று தவறியது ஏன் தவறியது என்பதை நாளைக்கே சோதித்துப் பார்த்துவிடலாம். புகைப்படம் கற்பதில் இதற்கு ஈடான வசதி வேறில்லை.

ஜூலியா மார்கரெட் கேமரனின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் கல்கத்தாவில் 1815-இல் பிறந்தவர். 1863 டிசம்பரில், தம் 48-ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவைக் கொண்டு இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த தம் வீட்டில் படமெடுக்கத் தொடங்கினார். நிலக்கரி போட்டுவைக்கும் அறை படங்களைக் கழுவும் இருட்டறையாயிற்று, கோழிக்கூண்டு ஸ்டூடியோவாயிற்று. யாரிடமும் முறையாகப் பயிலவில்லை. வீட்டுப் பணிப்பெண்கள், உறவுக்காரப் பெண்கள், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஆகியோரே பெரும்பாலும் அவர் முன் உட்கார்ந்தவர்கள். விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டென்னிசனையும் அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவைதாம். ஆனால் அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வரும் முகம் மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண்ணுடையது. ஒரே முகத்தை வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு உடையில், வெவ்வேறு சாய்வில் அவ்வளவு முறை பார்த்ததால்தான் முகத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பது அவருக்குப் பிடிபட்டது என்று நான் நம்புகிறேன். ஃபோகஸ் சரியில்லை என்று அக்காலத்து விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடியேறி, 1879-இல் அங்கேயே இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் படங்கள் மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலும் தம்மைச் சுற்றி வாழ்ந்த எளிய மனிதர்களைத்தான் எடுத்திருக்கிறார்.

வெளியூர் போக முடியாத நிலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் நாட்டுப் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், பிராகில் இருந்த தம் ஸ்டூடியோவின் ஜன்னலை 1940-இல் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படியும் பனி, அதற்கு அப்பால் வளைந்து நிற்கும் ஒரு மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடித் தம்ளர், இவ்வளவுதான் பொருள். போர் முடிந்த பிறகும் அவர் அந்த ஜன்னலை விடவில்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் சில வாரங்கள் மனிதர்களை எடுக்காதீர்கள். வீட்டில் பித்தளைச் சொம்பு ஒன்று இருக்குமானால் அதை ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அதன்மேல் விழும்போது ஒரு படம், பக்கவாட்டிலிருந்து விழும்போது ஒரு படம், சொம்புக்குப் பின்னாலிருந்து உங்களை நோக்கி வரும்போது ஒரு படம் எடுங்கள். முன்வெளிச்சத்தில் சொம்பு தட்டையாகத் தெரியும். பக்கவெளிச்சத்தில்தான் அதன் உருட்சி தெரியவரும். பிறகு அதை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துப் பாருங்கள், கேமரா எவ்வளவு கூடுதல் வெளிச்சம் கேட்கிறது என்பது புரியும். நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறைக்குள் வெளிச்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை நாம் உணர்வதே இல்லை. சொம்பில் தெரிந்துகொண்டதை அப்படியே முகத்துக்குக் கொண்டுபோகலாம். நம் ஊரில் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே நின்று கண்குழியைக் கருப்பாக்கிவிடும். அந்த நேரத்தில் ஒருவரை நிலைப்படிக்கு ஓரடி உள்ளே, வெளியைப் பார்த்து உட்காரவைத்தால் வாசல் தரையில் பட்டு எழும் மென்மையான வெளிச்சம் முகம் முழுவதும் பரவும். விலையுயர்ந்த விளக்குகளை வைத்துச் செய்வதை நம் வீட்டு வாசல் செலவில்லாமல் செய்துகொடுக்கிறது.

உங்கள் லென்ஸை 35 மி.மீ. அளவில் நிறுத்தி, ஜூம் வளையம் நகராதபடி ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நீங்கள் நடந்து கிட்டே போக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் தூரமும் கோணமும் பழகும். மகளை எடுக்கும்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் கண் மட்டத்துக்கு இறங்குங்கள்.

கேமரா வெளிச்சத்தை அளக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் அது வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. சுண்ணாம்புச் சுவரின் முன் உங்கள் அம்மாவை நிறுத்தினால், அவ்வளவு வெண்மையையும் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும்; அதனால் அவர் முகம் கருத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி கூட்டினால் சரியாகிவிடும். எப்போதும் முகத்துக்கு அளந்து எடுங்கள். சுவர் வெளுத்துப்போனால் போகட்டும். பிறகு கணினியில் அமர்ந்து முகத்தை வெள்ளையாக்காதீர்கள், கைபேசியில் எடுத்தால் அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். தம் சொந்தத் தாயின் நிறத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே இவ்வளவு இயல்பாகப் பரவிவிட்டது என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

ஓடும் குழந்தை கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/250 நொடியாவது வேண்டும். துள்ளி விளையாடினால் 1/500. அந்த வேகத்துக்கு நிறைய வெளிச்சம் தேவை என்பதால் அவளைப் பகலில், வாசலிலோ மொட்டைமாடியிலோ எடுங்கள். இரவுப் படங்களில் பாதி மங்கலாவதற்குக் காரணம் உங்கள் வீட்டு டியூப்லைட். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகிறது. கண்ணுக்கு அது தெரியாது. 1/500 நொடியில் எடுக்கும்போது ஷட்டரின் இரு திரைகளுக்கு நடுவே வெளிச்சத்தை விடும் இடுக்கு படத்தின் ஒரு பகுதியைக் கடக்கையில் விளக்கு மங்கியும் மற்றொரு பகுதியைக் கடக்கையில் பிரகாசித்தும் இருக்கும். 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் அந்தக் குறை போய்விடும். ஆனால் அந்த வேகத்தில் ஓடும் குழந்தை பிடிபடாது. ஆகவே இரவில் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போது, சாப்பிட்டுக்கொண்டே தூங்கி வழியும்போது எடுங்கள். எந்த வெளிச்சத்தில் எதை எடுக்க முடியும் என்ற இந்தக் கணக்கை உங்கள் ஒரே அறையில் கற்றுக்கொண்டால் எந்த ஊருக்கும் அது போதும்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுத வேண்டியதுதான் அதிகம். நம் அம்மாக்களில் பலருக்குப் படமெடுப்பது என்றால் நல்ல புடவை, தலை சீவுதல், ஸ்டூடியோ நாற்காலி என்றுதான் பழக்கம். அடுப்படிப் புடவையில், வியர்த்த முகத்தோடு தம்மை ஏன் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கூசுவதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், தனியாக எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லாமல், யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய மங்கலான முகத்துக்கு மாலை போட்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். எனவே அவர் கூச்சத்தை மதித்தபடியே இதைச் செய்ய வேண்டும். முதலில் அவர் விரும்புகிற புடவையில், விரும்புகிற இடத்தில், அவர் விரும்பியபடி ஒரு படம் எடுத்து, அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். அது உங்களுக்குப் பிடிக்காத படமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு அனுமதி கேட்டு அவர் கைகளை மட்டும் எடுங்கள்: பூக் கட்டும் விரல்கள், அரிசி புடைக்கும் முறம். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு எடுக்காமலே பேசிக்கொண்டிருக்கும் நாட்களும் வேண்டும். அவர் வேண்டாம் என்று சொன்ன நாளில் எடுக்கவே கூடாது. ஒளிந்திருந்து எடுத்த ஒரே ஒரு படம் பல மாதத்து நம்பிக்கையைக் கெடுத்துவிடும். சிரிக்கச் சொல்லாதீர்கள், “இங்கே பாருங்கள்” என்றும் சொல்லாதீர்கள். மனைவியின் படங்களையும் மகளின் படங்களையும் சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் மனைவியின் சம்மதம் வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்குச் சம்மதம் சொல்லத் தெரியாது என்பதால் அவளுடையதைப் போடாமலிருப்பதே என் விருப்பம்.

வகுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். இதையெல்லாம் ஓர் ஆறு மாதம் செய்துவிட்டுச் சேர்ந்தால் ஆசிரியரிடம் கேட்க உங்களுக்குக் கேள்விகள் இருக்கும். இப்போது சேர்ந்தால் பொத்தான்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டு திரும்புவீர்கள், அதைக் கேமராவோடு வந்த கையேடே சொல்லும். அந்தப் பணத்தில் மாதந்தோறும் சில படங்களை நல்ல தாளில் அச்சிடுங்கள். திரையில் தெரியாத குறைகள் தாளில் தெரியும். பழகியபின் உங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் முகூர்த்த நாட்களில் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் அவர்களுக்கு விளக்குப் பிடிக்க ஆள் தேவைப்படும். மண்டப வெளிச்சத்தில் வேலை நடக்கும் விதத்தை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.