சாஃப்ட்வுட் மர (பைன் போன்ற ஊசியிலை மரங்கள்) ஏற்றுமதியில் கனடாவை ரஷ்யா முந்தியது எப்படி? கனடாக்காரர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா?

2005 வாக்கில் உச்சத்தில் இருந்த கனடாவின் கோடு சரிவதையும், 2010களின் கடைசியில் ரஷ்யாவின் கோடு அதைத் தாண்டுவதையும் ஏதோ வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். சோம்பேறி என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் பக்கம் ஒரு சாமில்லில் (மரம் அறுக்கும் ஆலையில்) பல வருடம் பலகை தரம் பிரித்தவன் நான்.

அந்த வருடங்களில் வந்த பைன் பலகைகளில் பாதிக்கு மேல் நீலம் பாய்ந்திருக்கும். 1990களின் இறுதியிலிருந்து பைன் வண்டு காட்டைத் தின்றது. வண்டைக் கொல்லும் அளவுக்குக் குளிர்காலம் குளிரவில்லை. வண்டு சுமந்து வரும் பூஞ்சைதான் அந்த நீலம். பலகையின் வலு குறையாது. ஆனால் நின்றபடியே காய்ந்த மரம் என்பதால் நுனியிலிருந்து வெடிப்பு ஓடும். விரல் வைத்துப் பார்த்து வெட்டித் தள்ள வேண்டும். மரம் வீணாவதற்குள் அறுக்கட்டும் என்று மாகாண அரசு காட்டில் வெட்ட அனுமதிக்கும் அளவை உயர்த்தியது. செத்த மரம் தீர்ந்ததும் குறைத்தது. மில்கள் வரிசையாக மூடின, எங்களுடையதும்தான். இதில் யார் சோம்பேறி?

வாங்குபவர் பக்கமும் அடி. அமெரிக்காவில் 2005இல் 20 லட்சத்துக்கு மேல் புது வீடுகள் தொடங்கினார்கள், 2009இல் 5.54 லட்சம்தான். 2015 அக்டோபரில் அமெரிக்கா-கனடா மர ஒப்பந்தம் காலாவதியானது, 2017 முதல் கனடா மரத்துக்கு மறுபடி அமெரிக்க வரி. 2025இல் அது ஏறக்குறைய 35 சதவீதம், அக்டோபரில் அதன்மேல் இன்னொரு 10.

ரஷ்யா செய்தது வேறு. 2007இலிருந்து உருட்டு மர ஏற்றுமதிக்கு வரியை ஏற்றி, அறுத்து விற்பதை லாபமாக்கியது. பக்கத்திலேயே சீனா. 2014இல் ரூபிள் விழுந்ததும் விலையிலும் அனுகூலம். நான் ரஷ்யாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அடுத்து சொல்வது கனடா நண்பர்களுக்குப் பிடிக்காது. அந்த வரைபடத்தின் இரண்டு கோடுகளும் ஒரே அளவுகோலில் இல்லை. எங்கள் மில்லில் இழைத்து முடித்த 'டூ பை ஃபோர்' பலகையில் காலிப்பர் வைத்தால் 38க்கு 89 மில்லிமீட்டர்தான் காட்டும். கணக்கில் மட்டும் முழு 2 அங்குலம், 4 அங்குலம். ஆயிரம் போர்டு அடியை (இங்கே பலகையின் கன அளவைக் கணக்கிடும் அலகு) 2.36 கன மீட்டர் என்று மாற்றுகிறார்கள். இந்த அளவுப் பலகையில் உண்மையான மரம் 1.55 கன மீட்டர்தான். ரஷ்யா அசல் அளவில் கணக்கு வைக்கிறது. அதனால் நீங்கள் பார்த்த ஆண்டுக்கு முன்பே ரஷ்யா தாண்டியிருக்கும்.

   

சரி, ஒப்பிடுவதானால் 2022க்குப் பிறகான ரஷ்யக் கணக்கை ரஷ்யாவிடம் தேடாதீர்கள். போருக்குப் பின் விரிவான சுங்கப் புள்ளிவிவரத்தை அவர்கள் வெளியிடுவதில்லை, ஐரோப்பிய ஒன்றியமும் அவர்கள் மரத்தைத் தடை செய்துவிட்டது. சீனச் சுங்கத்தின் இறக்குமதிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.