காம்பர் வானுக்காக நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கொக்குவில். கணவருக்கு ஹாட்வெயர் கடை, நான் பிரதேச செயலகத்தில் வேலை. ஒக்லண்டில் இருக்கும் அக்கா, "ரிக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்று கூப்பிடுகிறா. மகனுக்கு வருகிற மார்ச் 10 இல் இரண்டு வயது. ஜனவரியில் மூன்று கிழமை போய், அதில் 14 நாள் காம்பர் வானில் (படுக்கையும் சமைக்க வசதியும் உள்ள வான்) சுற்ற ஆசை. ஹோட்டல் காசு மிச்சம் என்கிறார் கணவர். வாடகை நாளுக்கு 250 நியூசிலாந்து டொலர், பிணைப்பணம் 5,000. நாளுக்கு இன்னும் 50 கட்டினால் பிணை தேவையில்லையாம். 25 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது, பெப்ரவரி 12 இல் முதிரும். அதை உடைப்பதா, 10 பவுண் நகையை அடைவு வைப்பதா? மகனின் சேமிப்புக் கணக்கிலும் கொஞ்சம் உண்டு.

பதில்: தங்கச்சி, இரண்டும் வேண்டாம். பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கோ.

பெப்ரவரி 15 போல வெளிக்கிட்டு மார்ச் 7 க்குள் திரும்பினால் வைப்பு தானாக முதிர்ந்துவிடும். அங்கே அப்போதும் கோடைதான். பள்ளிக்கூடங்கள் திறந்துவிடுவதால் வான் வாடகையும் இறங்கும். மகனும் இரண்டு வயதுக்குள் இருப்பான். மடியில் இருக்கும் குழந்தைக்குப் பல விமான நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கும். இரண்டு முடிந்தால் தனி ஆசனம், கிட்டத்தட்ட முக்கால் கட்டணம். பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால் குறைந்தது திரும்பும் வழிக்காவது அந்தக் காசு கேட்பார்கள், அதனால் மார்ச் 10 ஐத் தாண்டாதேங்கோ. (சிங்கப்பூரிலிருந்து ஒக்லண்ட் வரை பத்து மணித்தியாலம் அவனை மடியில் வைத்திருக்க உங்களால் ஏலுமா என்பது என் துறை இல்லை.)

ரிக்கெற்றுக்கு இப்போதே காசு தேவைப்பட்டால் வைப்பின் மேல் கடன் எடுங்கோ. உடைத்தால் முழு 25 இலட்சத்துக்கும் வட்டியைக் குறைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். 7 இலட்சம் கடன் எடுத்தால் அந்த 7 இலட்சத்துக்கு, அதுவும் இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் வட்டி. நகையை அடைவு வைத்து, அந்தக் காசை விசா விண்ணப்பத்துக்கு முதல் கிழமை கணக்கில் போடுவது இன்னும் கூடாது. திடீரென்று வந்த காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நியூசிலாந்து வருகை விசாவுக்கு ஆளுக்கு மாதம் 1,000 டொலர் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே காசு கட்டியிருந்தால் 400 போதும். உங்கள் வைப்புச் சான்றிதழே அதற்குக் காணும்.

இனி வான். ஹோட்டல் மிச்சம் என்ற கணக்கில்தான் எனக்கு ஐமிச்சம். டொலரை 180 ரூபாய் என்று வையுங்கோ. 5,000 டொலர் பிணை 9 இலட்சம். உங்கள் கடனட்டையின் எல்லை அதைத் தாங்குமா? தாங்காவிட்டால் திறப்பைத் தர மாட்டார்கள், வரிசையில் பிள்ளையோடு நின்று முழிக்க வேண்டியதுதான். சில நிறுவனங்கள் அந்தக் காசை மறித்து மட்டும் வைக்கும். சிலது உண்மையாகவே எடுத்துவிட்டுப் பிறகு திருப்பித் தரும், அப்போது நாணய மாற்று நட்டம் போகவும் வரவும் உங்களுக்கு. 2022 இல் ரூபாய் விழுந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே அந்த 50 டொலரைக் கட்டுங்கோ. கட்டினால் நாளுக்கு 300, 14 நாளுக்கு 4,200 டொலர், ஏழரை இலட்சத்துக்கு மேல். இதற்கு மேல் டீசல், இரவில் மின்சாரத்தோடு நிறுத்தும் இடத்துக்கான கட்டணம். டீசல் வாகனத்துக்கு வீதிப் பாவனை வரியும் உண்டு: 1,000 கிலோமீற்றருக்கு 76 டொலர். காசில்லாமல் கண்ட இடத்தில் நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. பெரும்பாலான இடங்களில் பொருத்திய கழிவறையுடன் சான்றிதழ் பெற்ற வானுக்குத்தான் அந்தச் சலுகை, மீறினால் தண்டம் 400 டொலரிலிருந்து.

ஆறு நாள் எடுங்கோ. ஜனவரி விலையிலேயே 1,800 டொலர்தான், நாலு இலட்சத்துக்கு மேல் மிச்சம். ரொட்டோருவா ஒக்லண்டிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீற்றர். ஒரு வயதுப் பிள்ளைக்கு அதுவே இரண்டு நாள் ஓட்டம். மிச்ச நாள் அக்கா வீடு. எங்களைப் போல அங்கேயும் இடப்பக்க ஓட்டம் என்பதால் கணவருக்குச் சிரமமில்லை. ஆனால் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கீகரித்த குழந்தை ஆசனம் சட்டப்படி கட்டாயம், எல்லா வானிலும் அதைப் பூட்ட இடமிருக்காது. காசு கட்ட முதல் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கோ.

மகனின் கணக்கை மறந்துவிடுங்கோ. அந்தக் காசு அவன் பதினெட்டு வயதாகும்வரை பூட்டித்தான் கிடக்கும். கடவுச்சீட்டுக்கு இப்போது வவுனியா போகத் தேவையில்லை, எங்கள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே எடுக்கலாம்.

கடிதத்தில் இல்லாத ஒரு செலவும் இருக்கிறது. மூன்று கிழமை கடை பூட்டினால் எவ்வளவு வியாபாரம் போகும்? கணவரிடம் அந்தத் தொகையைக் கேட்டு எழுதுங்கோ. கடையில் நிற்கிற பெடியனிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால் என் கணக்கு அப்படியே நிற்கும். இல்லையென்றால் வானை நாலு நாளாக்க வேண்டி வரும்.