முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதுமா?

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். பின்னாலிருந்து பேரைச் சொன்னால் உடனே திரும்புகிறாள். ஆனால் டிக்டேஷன் வைத்தால் பத்துக்கு இரண்டு, மூன்றுதான். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் தலையை ஆட்டுகிறாள். ‘காது கேட்கத்தான் செய்யுது, கவனம்தான் இல்லை’ என்கிறார் சக ஆசிரியர். முதல் பெஞ்சில் உட்கார வைத்து, சத்தமாகவும் பேசிப் பார்த்துவிட்டேன். பெரிய மாற்றம் இல்லை. வேறென்ன செய்யலாம்?

செவித்திறன் நிபுணரின் பதில்:

உங்கள் சக ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை. அவளுக்குக் கேட்கத்தான் செய்கிறது. பேச்சில் எந்தப் பகுதி கேட்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பேச்சின் சத்தத்தில் பெரும்பங்கு உயிரெழுத்துகளுடையது. ஆ, ஓ எல்லாம் தூரத்திலிருந்தும் எட்டும். க், ச், த், ப் போன்றவை சத்தம் குறைந்தவை, கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோகிறவை. இலக்கணத்தில் இவற்றுக்கு வல்லினம் என்று பேர். காதுக்கு இவைதான் மெலிந்தவை. பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது தெரிந்த சொல், தெரிந்த குரல், அதுவும் நீட்டிச் சொல்கிறீர்கள். திரும்பிவிடுவாள். டிக்டேஷனில் உதிரிச் சொல் வந்து விழும்போது அப்படித் துணைக்கு எதுவும் கிடையாது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றும் கடைசி மெய்யில் மட்டும் வேறுபடுகின்றன. வாக்கியத்தை முடிக்கும்போது நம் குரல் தாழ்ந்துவிடும். ஆணா, பெண்ணா, மரியாதையா என்பதெல்லாம் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. வேற்றுமை உருபும் சொல்லின் வாலில்தான். அதனால் இவள் நோட்டில் ‘அக்கா வந்தான்’, ‘பள்ளி போனேன்’ என்றெல்லாம் இருந்தால், இலக்கணம் வரவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். காதில் விழுந்ததை எழுதியிருப்பாள்.

உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வாள் என்றும் இருந்துவிட முடியாது. பாடு-மாடு, படம்-மடம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பாருங்கள், ஒரு வித்தியாசமும் தெரியாது. ‘க’வுக்கு உதட்டில் வேலையே இல்லை.

சரி, முதலில் சத்தம் போடுவதை விடுங்கள். கத்தும்போது பெருகுவது பெரும்பாலும் உயிரொலிதான். மெய்கள் அதில் அமுங்கிவிடும், வாயும் கோணும். சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாக, கடைசி எழுத்தை விழுங்காமல் பேசினால் போதும். தூரத்தையும் இரைச்சலையும் குறைத்தால்தான் பலன். காது மெஷின் நன்றாக வேலை செய்வது ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள். அதைத் தாண்டினால் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்தேதான் பெரிதாக்கிக் கொடுக்கும். இரைச்சலைவிட உங்கள் குரல் சுமார் 15 டெசிபெல் அதிகமாக அவள் காதை எட்ட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கான்கிரீட் கூரை, கடகடக்கும் மின்விசிறி, அதே அறையில் இரண்டாம் வகுப்பு கோரஸாக வாய்ப்பாடு சொல்கிறது என்றால் இது நடக்காது. டிக்டேஷனை வாய்ப்பாடு இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள். அந்தப் பத்து நிமிஷம் மின்விசிறியை நிறுத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

முதல் பெஞ்சைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. அண்ணாந்தே பார்க்க வேண்டும். பின்னால் பதில் சொல்கிற பிள்ளைகளின் முகம் தெரியாது. இரண்டாம் வரிசையில் ஓரமாக, வாசலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள். கொஞ்சம் திரும்பினால் வகுப்பே தெரியும். ஒரு காது மற்றதைவிட நன்றாகக் கேட்கும் என்றால் அந்தக் காது உங்கள் பக்கம் இருக்கட்டும். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டிவிடும். கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதும், டிக்டேஷன் புத்தகத்தால் வாயை மறைப்பதும் அப்படித்தான். (பள்ளிகளுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான்!) பின் பெஞ்ச் பையன் சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்.

‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியே வேண்டாம். தலையாட்டினால் விட்டுவிடுவார்கள் என்று இந்தப் பிள்ளைகள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். ‘இப்போ என்ன செய்யணும், சொல்லு’ என்று கேளுங்கள். இரண்டு தடவை சொல்லியும் பிடிபடவில்லையா, மூன்றாம் தடவை வேறு சொற்களில் சொல்லுங்கள்.

அப்புறம், தினமும் காலையில் ஒரு நிமிஷச் சோதனை. அவளுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று இடைவெளி விட்டு, வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறிலேயே வந்துவிடும். டேனியல் லிங் என்பவர் வகுத்த முறை. நேற்று சொன்ன ‘ஸ்’ இன்று வரவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள், காதில் வைக்கும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி தீர்ந்த மெஷின் காதில் அடைத்த பஞ்சு மாதிரிதான். மெஷின் விசில் அடித்தால் அது சேட்டை இல்லை. காது வளர்ந்து அச்சு தளர்ந்திருக்கும். அம்மாவிடம் சொல்லிப் புது அச்சு எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை மெஷினைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடாதீர்கள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும்போது இந்த ஆறு ஒலியில் எது அடிக்கடி தவறுகிறது என்று காட்டுங்கள், அவருக்கும் உதவும்.

இனி டிக்டேஷன். ‘பாட்டு’ என்று மட்டும் சொல்லாமல், ‘பாட்டு. அக்கா பாட்டுப் பாடினாள். பாட்டு’ என்று சொல்லுங்கள். சொல்லும்போது அவள் உங்களைப் பார்க்கட்டும். எழுதி முடித்து நிமிர்ந்த பிறகு அடுத்த சொல். வகுப்பு முழுவதற்குமே இப்படி வைக்கலாம்.