பழைய ஸ்பீடு போட் வாங்கும் முன் பின்சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: 25 வருடப் பழைய ஃபைபர் கிளாஸ் ஸ்பீடு போட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 18 அடி நீளம். பின்னால் இரண்டு அவுட்போர்டு இஞ்சின்கள், இரண்டும் 90 குதிரைத் திறன், 2 ஸ்ட்ரோக். புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. "சாவியைத் திருப்பினால் இரண்டும் ஸ்டார்ட் ஆகும், ஒரு சர்வீஸ் பண்ணினால் போதும்" என்கிறார் விற்பவர். கேட்கும் விலை இஞ்சின்களுக்கே தகும் போலத் தோன்றுகிறது. வாங்கலாமா?

பதில்: இஞ்சினை அப்புறம் பார்ப்போம். முதலில் அவை தொங்கும் இடத்தைப் பாருங்கள். படகின் பின்சுவரைத்தான் டிரான்சம் என்கிறார்கள். அந்தக் காலத்துப் படகுகள் பெரும்பாலானவற்றில் அது நடுவே பிளைவுட், இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் என்ற அமைப்பில் இருக்கும். இஞ்சின் போல்ட் துளை, தண்ணீர் வடிகிற துளை, யாரோ எப்போதோ ஒரு கருவியை மாட்டப் போட்ட ஸ்குரூ துளை, இவற்றில் ஏதாவது ஒன்றின் சீல் போனாலும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. உள்ளே மரம் ஊறி உளுத்துப்போகும், வெளியே ஃபைபர் விறைப்பாகவே நிற்கும். மேலே பெயின்டும் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் படகில் ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டு இஞ்சின்கள் அந்தச் சுவரில் தொங்குகின்றன. முழு வேகத்தில் போகும்போது படகு மொத்தத்தையும் அவை தள்ளுவதும் அந்தச் சுவர் வழியாகத்தான். உளுத்த மரம் அதைத் தாங்காது.

பிளாஸ்டிக் தலை உள்ள சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துப் போங்கள். டிரான்சம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம், கெட்டியான மரக் கதவைத் தட்டினாற்போல 'டக்' என்று கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கி, மந்தமாக வரும். பெரும்பாலும் இது கீழ்ப் பகுதியிலும் போல்ட்களைச் சுற்றியும்தான் இருக்கும். அடுத்து, இஞ்சினை மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழ் முனையில், புரொப்பல்லர் மாட்டியிருக்கும் கியர் பெட்டியின் மேல் உங்கள் எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள். அதே நேரம் இன்னொருவர் டிரான்சத்தின் மேல் விளிம்பையும் இரண்டு மூலைகளையும் உற்றுக் கவனிக்கட்டும். சுவர் அசைந்தாலோ மூலையில் முடி போன்ற விரிசல் திறந்து மூடினாலோ பேச்சு அத்தோடு முடிந்தது. சந்தேகமாகவே இருந்தால், விற்பவர் சம்மதத்தோடு உள்பக்கம் கீழே 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, வருகிற தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில், காய்ந்த மரத்தூளாக இருந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, நசநசவென்று ஒட்டினால் மரம் போய்விட்டது. பார்த்த பிறகு அந்தத் துளையை எப்பாக்சி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பசை) வைத்து அடைக்க மறக்காதீர்கள். துளை போடவே விடமாட்டேன் என்றால் டிரான்சம் ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

தளத்தையும் குதிகாலால் மிதித்துப் பாருங்கள். எங்கேயாவது அமுங்கினால் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டங்களும் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. தளத்துக்கு அடியில் மிதப்பதற்காக நிரப்பியிருக்கும் நுரை தண்ணீர் குடித்திருந்தால் படகின் எடை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றி, டிரெய்லர் எடையைக் கழித்து, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இஞ்சின், பெட்ரோல் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்சம் உறுதியாக இருந்து, இஞ்சின் இரண்டும் செத்துக் கிடந்தாலும் அந்தப் படகை வாங்கச் சொல்வேன். இஞ்சினைக் கழற்றி வேறு மாட்டுவது ஒரு நாள் வேலை. டிரான்சத்தை மாற்ற இஞ்சின்களை இறக்கி, ஃபைபரை அறுத்து, மரத்தைச் சுரண்டி எடுத்து, மறுபடி கட்ட வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் அந்தச் செலவு படகின் விலையையே தாண்டிப் போகலாம். இஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணம் கொடுக்கும் முன், பின்பக்கம் பொறித்திருக்கும் படகு எண்ணையும் இரண்டு இஞ்சின்களின் எண்களையும் ஆவணத்தோடு ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் பார்க்கும் படகில் ஒரு இஞ்சினின் மூன்று சிலிண்டர்களில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், 120, 118, 95 என்று வந்தது. இன்னொன்றில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. "கொஞ்ச நாள் ஓடினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எல்லா பிளக்குகளையும் கழற்றி, பேட்டரி முழு சார்ஜில், திராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இக்னிஷனைத் துண்டித்த பிறகே சுற்ற வேண்டும். மறுபடியும் அதே அளவு வந்தால் நம்பாதீர்கள். கம்ப்ரஷனில் எண் பெரிதா சிறிதா என்பதைவிட எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். 10 சதவீத வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். 120-க்கும் 95-க்கும் 20 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

கரி படிந்து பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒட்டிக்கொண்டிருந்தால் கரி நீக்கும் மருந்தில் ஓரளவு மீண்டு வரலாம். சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் பிரிக்கும்போது பிஸ்டனை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் கெட்டது? பெரும்பாலும் அதற்குரிய கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைத்திருக்கும். 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். காரணத்தைச் சரிசெய்யாமல் போட்ட புது பிஸ்டன் மறுபடியும் எரியும்.

இன்னொரு சோதனை, கியர் ஆயில். படகு ஒரு இரவு அசையாமல் நின்ற பிறகு, கியர் பெட்டியின் அடித் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் கனத்தால் அதுதான் அடியில் தங்கியிருக்கும், முதலில் அதுவே சொட்டும். ஆயில் பால் கலந்த நிறத்தில் வந்தாலும் சீல் போயிருக்கிறது என்றுதான் பொருள். திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை லேசாக இருப்பது சகஜம். விரலில் உறுத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் கியர் பல் உடைகிறது.

பார்க்கப் போகும்போது இஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் மூடியைத் திறந்து கையை வையுங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். தண்ணீரை உறிஞ்சும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு சுற்றினால் சீக்கிரமே கருகிவிடும். எப்படியும் வாங்கிய கையோடு இரண்டு இஞ்சின்களுக்கும் இம்பெல்லரை மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: டிரான்சத்தை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். பாலியெஸ்டர் ரெசின் போதும், மலிவு என்கிறார் கடைக்காரர். எப்பாக்சி அவசியமா?

பதில்: பழைய ஃபைபர் மேலும் மரத்தின் மேலும் ஒட்டுகிற வேலைக்கு எப்பாக்சிதான் வாங்குங்கள். பழைய பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. அதனால் கடைசியில் ஜெல்கோட் (பாலியெஸ்டரால் ஆன பளபளப்பான மேல்பூச்சு) அடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிட்டு, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயின்டுக்குப் போங்கள். நறுக்கிய கண்ணாடி இழைகளைப் பசையால் ஒட்டிய சாதாரணச் சிதறல் இழைப் பாய் எப்பாக்சிக்கு வேண்டாம், அதன் பசை பாலியெஸ்டரில் கரையும் வகை. நெய்த துணியோ, தைத்த துணியோ கேட்டு வாங்குங்கள். மரம் மரைன் பிளைவுட். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தைப் பூட்டி வைத்தால் பழைய கதைதான்.

போல்ட் துளையை நேராகப் போட்டுவிடாதீர்கள். முதலில் தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் கலந்த எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுத் துளை போடுங்கள். போல்டைச் சுற்றி மரமே வெளிப்படாது, பின்னாளில் சீல் கசிந்தாலும் தண்ணீருக்கு மரம் கிடைக்காது. இந்த ஒரு வேலையில் சோம்பல் வேண்டாம்.

ஃபைபரைத் தேய்க்கும்போது துணி கட்டினால் போதாது. வடிகட்டி வைத்த முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும்.

கேள்வி: பட்டறையில் முன்பணம் கொடுத்தேன். பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று இழுத்தடித்து, மேலும் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இனிமேல் ஒரு காசும் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்: எந்த பார்ட், அதன் எண், யாரிடம் ஆர்டர் போட்டது, எப்போது வரும். அந்த எண்ணை வைத்து நீங்களே இரண்டு விநியோகஸ்தர்களிடம் விசாரியுங்கள். கிடைக்கிறது என்றால் பட்டறைக்காரர் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். உண்மையிலேயே கிடைக்காத மாடல்களும் உண்டு. எவின்ரூட் அவுட்போர்டு இஞ்சின் தயாரிப்பு 2020-ல் நின்றுபோனது. தயாரிப்பு நின்ற இஞ்சின்களுக்குச் சாதாரண உதிரி பாகங்கள் கிடைத்தாலும், மின்னணுப் பெட்டி போன்றவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அடுத்த கட்ட வேலைக்கு, முடிந்த வேலையின் புகைப்படமும் கழற்றிய பழைய பார்ட்டும் கைக்கு வந்த பிறகுதான் பணம் என்று பேசுங்கள். மறுத்தால் படகை எடுத்துக்கொண்டு, செய்த வேலைக்கான கணக்கையும் மீதிப் பணத்தையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கேள்வி: பழைய இரண்டு இஞ்சின்களுக்குப் பதில் புது 4 ஸ்ட்ரோக் ஒன்றை மாட்டலாமா?

பதில்: தாராளமாக. படகின் தகட்டில் போட்டிருக்கும் அதிகபட்சக் குதிரைத் திறனைத் தாண்டாதீர்கள், ஷாஃப்ட் நீளம் டிரான்சம் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று அளந்து வாங்குங்கள். ஒன்று நின்றால் இன்னொன்றில் கரை சேரலாம் என்ற தைரியம் போய்விடுமே என்று தயங்கினால், இப்போதுள்ள இரண்டும் ஒரே டேங்கில், ஒரே பேட்டரியில் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் பெட்ரோலில் தண்ணீர் கலந்த அன்று இரண்டும் சேர்ந்தேதான் நிற்கும்.