மனைவி பெயரில் போடுங்கள்

வணக்கம் சார். எனக்கு வயது 33. கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினியர். பி.இ., எட்டு வருட அனுபவம், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில், ஜெனரல் வகையில், நான்கு பகுதியிலும் 6. மனைவிக்கு 29. பி.எஸ்சி. நர்சிங், ஐந்து வருடமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை. பிரிட்டன் போகும் எண்ணத்தில் அவர் எழுதிய அகாடமிக் தேர்வில் லிசனிங் 8, மற்றவை 7. கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமை) எனக்கு 69 பாயின்ட் வருகிறது, 67 போதும், வேலை முடிந்த மாதிரிதான் என்கிறார்கள் கன்சல்டன்சியில். என் பழைய கம்பெனி மூடிவிட்டது; அதன் அனுபவக் கடிதத்தை அவர்களே 'ஏற்பாடு' செய்து தருவார்களாம். இரண்டாம் தவணை கட்டலாமா?

க., கோவை

அன்புள்ள க.,

கட்டாதீர்கள்.

69 சரியான கணக்குதான். ஆனால் அந்த 67 வரிசையில் நிற்கக் கிடைக்கும் டோக்கன், அவ்வளவே. 2015-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற விண்ணப்ப முறை வந்ததிலிருந்து, பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு அனுப்புவது, எல்லோரையும் தரவரிசைப்படுத்த 1200-க்குப் போடும் சி.ஆர்.எஸ். மதிப்பெண்ணைப் பார்த்து. அதில் உங்களுக்கு நான் போட்டுப் பார்த்தது 322. அதற்கு அழைப்பு வராது.

இப்போது உங்கள் மனைவியை முதன்மை விண்ணப்பதாரராக வையுங்கள். வயதுக்கு 100, பட்டத்துக்கு 112. ஜெனரல் தேர்விலும் இதே மதிப்பெண் வாங்கினால் மொழிக்கு 116. (அகாடமிக் இங்கே செல்லாது, கன்சல்டன்சியில் இதைச் சொன்னார்களா?) அந்த ஆங்கிலத்தோடு பட்டமும் அனுபவமும் சேர்வதால் இன்னொரு 75. உங்கள் பட்டத்தாலும் ஆங்கிலத்தாலும் 20. மொத்தம் 423. ஒரே குடும்பம், அதே சான்றிதழ்கள், நூறு புள்ளி வித்தியாசம். எனக்கு வரும் இந்த மாதிரிக் கடிதங்களில் பத்தில் ஒன்பது கணவன் பெயரில்தான் கணக்குப் போட்டிருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

423-ம் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவத் துறைக்கென்று நடக்கும் தனி அழைப்புச் சுற்றில் 2024 பிப்ரவரியில் 422 வரை இறங்கினார்கள். 2025-இல் 460-க்குக் கீழே வரவில்லை. மாகாணம் ஏதாவது நர்ஸாக அவரைப் பரிந்துரைத்தால் 600 சேரும், அதுதான் நிஜமான வழி. பிரெஞ்சு படிக்க முடிந்தால் அது இன்னொரு வழி. ஒரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும். நீங்கள் உயிரைக் கொடுத்து ஐ.இ.எல்.டி.எஸ். திரும்ப எழுதினாலும் அவர் கணக்கில் 8 புள்ளிதான் ஏறும். அதையும் எழுதுங்கள்.

'ஏற்பாடு' செய்த கடிதம் வேண்டவே வேண்டாம். பொய் என்று கண்டுபிடித்தால் குடும்பத்தோடு விண்ணப்பம் போய்விடும், ஐந்து வருடத் தடையும் வரும். கம்பெனி மூடியிருந்தால் பழைய மேலாளரிடம் கையெழுத்திட்ட கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, ஃபார்ம் 16 எல்லாம் வைத்து விளக்கம் எழுதலாம். மனைவியின் மருத்துவமனைக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் உதவாது. செய்த வேலைகள், வார நேரம், சம்பளம், தேதிகள் எல்லாம் லெட்டர்பேடில் வேண்டும். ஹெச்.ஆர். இழுத்தடிப்பார்கள், இப்போதே கேட்கத் தொடங்குங்கள்.

பி.ஆர். கிடைத்த பிறகும் அங்கே நர்ஸாக வேலை பார்க்க மாகாணப் பதிவும் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வும் தனியாக உண்டு. அதற்கான படிப்பை இங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவருக்கு 30 பிறக்கும் நாளில் வயதுக்கான புள்ளி 95 ஆகிவிடும். ஆகவே முதலில் ஜெனரல் தேர்வுக்குத் தேதி வாங்குங்கள்.